கூரை இழந்த ஆலயங்களும் குலையாத பங்குகளும்

அயர்லாந்தின் நாட்டுப்புறங்களிற் பிரயாணஞ் செய்வோர் ஒரு காட்சியை அடிக்கடி காண்பர். புல் மண்டிய மேட்டிலே கூரையற்ற கற்சுவர்கள் நிற்கும். அவற்றைச் சூழ்ந்து பழைய கல்லறைகளும் புதிய கல்லறைகளும் நெருங்கிக் கிடக்கும். ஆலயம் பாழடைந்து பல தலைமுறைகள் கழிந்தும், அதன் சேமக்காலையை மாத்திரம் ஊரார் கைவிடாதது ஏன்? இதற்கு விடை தேடப் புகுந்தால் அத்தீவின் சரித்திரமே நம் கண்முன் விரிகின்றது.

பங்குகள் தோன்றிய வரலாறு

யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்று தன் பெயராகத் தாங்கி நிற்கும் புனித பத்திரிசியார், கி. பி. ஐந்தாம் நூற்றாண்டில் அயர்லாந்தில் வேதம் போதித்தவர். அவருக்குப் பின் நெடுங்காலம் துறவியர் மடங்களே அந்நாட்டுக் கிறிஸ்தவ வாழ்வின் நடுநாயகமாய் விளங்கின. 1111ஆம் ஆண்டு ராத் பிரெசெயிலிலும், 1152ஆம் ஆண்டு கெல்சிலும் கூடிய திருச்சங்கங்கள் நாட்டை மேற்றிராசனங்களாக வகுத்தன. காலப்போக்கில் அவை பங்குகளாகப் பிரிந்தன. ஒவ்வொரு பங்குக்கும் ஓர் ஆலயமும் சேமக்காலையும் அமைந்தன. விளைவிற் பத்திலொன்றான தசமபாகம் திருச்சபைக்குச் சேர்ந்தது.

கைமாறிய ஆலயங்கள்

எட்டாம் ஹென்றி மன்னன் உரோமாபுரியுடன் உறவை முறித்தபின், 1536ஆம் ஆண்டு டப்ளினிற் கூடிய பாராளுமன்றம் அவனை அயர்லாந்துத் திருச்சபைக்கும் தலைவனாக்கியது. பங்கு ஆலயங்களும் தசமபாகமும் அரசாங்கத் திருச்சபையைச் சேர்ந்தன. மக்களுட் பெரும்பாலோரோ கத்தோலிக்கராகவே இருந்தனர். ஆலயம் ஒருபுறமும் மக்கள் மறுபுறமும் ஆயினர். தொழுவோர் அருகியும், போரில் இடியுண்டும் பல ஆலயங்கள் பாழாயின.

1695ஆம் ஆண்டு முதல் கத்தோலிக்கருக்கு எதிராகக் கடுஞ் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. மறைவான மலைச்சரிவிலே பாறையொன்றைப் பீடமாக்கிக் குருவானவர் பூசை ஒப்புக்கொடுக்க, மக்கள் மழையிலும் பனியிலும் முழந்தாளிட்டனர். இத்தகைய பூசைப் பாறைகளை இன்றும் அங்கே காட்டுகின்றனர்.

ஆயினும், இறந்தவர்களை மாத்திரம் அவர்கள் பழைய சேமக்காலைக்கே கொண்டு சென்றனர். பாட்டன் பூட்டன் துயிலும் மண்ணை விட்டுப் பிரிய அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. எனவே உயிரோடிருக்கையில் வெவ்வேறிடத்திற் தொழுத கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இறந்தபின் ஒரே மண்ணில் அருகருகே துயின்றனர்.

விளக்கு அணையாத ஆலயம்

மேயோ மாவட்டத்திலுள்ள பாலிண்டபர் ஆலயத்தின் கதை இன்னும் வியப்பானது. 1216ஆம் ஆண்டு கொனாட் அரசன் கதால் ஓ கொனர் அதனை அகுஸ்தீன் சபைத் துறவியருக்காக எழுப்பினான். 1653இற் குரொம்வெல்லின் படையினர் அதற்குத் தீயிட்டனர், கூரை எரிந்தது. ஆனால் ஊரார் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. திறந்த வானின் கீழும் அங்கே பூசை நடைபெற்றது. 1846இல் தொடங்கிய திருத்த வேலை, உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து விளைந்த பெரும் பஞ்சத்தினால் நின்றது. 1966ஆம் ஆண்டு, ஆலயத்தின் 750ஆம் ஆண்டு நிறைவிலேயே நடுக்கூடம் மீண்டும் கூரை பெற்றது. இன்றும் அது பங்கு ஆலயமாக விளங்குகின்றது.

தாம் செல்லாத ஆலயத்துக்குத் தசமபாகம் செலுத்தும் கொடுமையை எதிர்த்து 1830ஆம் ஆண்டளவிற் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். 1861ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அரசாங்கத் திருச்சபையினர் நூற்றுக்கு 12 பேர் அளவினரே. 1869இல் இயற்றப்பட்டு, 1871 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம் அத்திருச்சபையை அரசிலிருந்து பிரித்தது.

எரிந்த ஏடுகளும் எஞ்சிய ஏடுகளும்

விதியின் விளையாட்டொன்றையும் இங்கு குறிப்பிடவேண்டும். அரசாங்கத் திருச்சபையின் ஞானஸ்நான, விவாக, மரணப் பதிவேடுகளுட் பெருந்தொகையானவை பாதுகாப்புக்கென டப்ளின் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தன. 1922 ஜூன் 30ஆந் திகதி, உள்நாட்டுப் போரில் அவை சாம்பராயின. அரசாங்கம் பொருட்படுத்தாத கத்தோலிக்கப் பதிவேடுகளோ பங்குத் தந்தையரின் இல்லங்களிலே தப்பிப் பிழைத்தன. அவற்றின் படங்களை அயர்லாந்துத் தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் வெளியிட்டது. பஞ்சத்திற்கு அஞ்சிக் கடல் கடந்தோரின் சந்ததியார், அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்தவாறே அவற்றிற் தம் முன்னோர் பெயர்களைத் தேடுகின்றனர். பெயர் கிட்டியவருட் சிலர் அத்தீவுக்கே பிரயாணஞ் செய்து, கூரையற்ற அச்சுவர்களின் நிழலிலே பாட்டனின் கல்லறையைத் தேடி நிற்பதுமுண்டு.