கன்றின் கழிச்சல்... வீட்டுக்குள்ளும் வரும்!

பிறந்து ஒன்று முதல் மூன்று வாரங்களான கன்று தண்ணீராகக் கழிந்தால், ‘பால் அதிகமாகக் குடித்துவிட்டது’ என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். பல கன்றுகளில் அது ‘கிரிப்டோஸ்போரிடியம்’ என்ற குடல் ஒட்டுண்ணியின் வேலையாக இருக்கும். கழியும் கன்றின் சாணத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும் இதன் முட்டை போன்ற கூடுகள், கைபட்டு வாய்க்குள் போனால் மனிதர்களுக்கும் அதே கழிச்சல்தான்.

இதன் வீரியத்தை உலகம் உணர்ந்தது 1993-ம் ஆண்டில். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சுத்திகரிக்கப்பட்ட குழாய்த் தண்ணீர் வழியாகவே சுமார் 4,03,000 பேருக்கு நோய் பரவியது. தண்ணீரில் குளோரின் இருந்தும் பயனில்லை. இந்தக் கூட்டின் தடித்த ஓட்டைக் குளோரின் எளிதில் துளைப்பதில்லை. முறையாகக் குளோரின் கலந்த நீச்சல் குளத்தில்கூட இது 7 நாள்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கும்.

அதன்பிறகு, அமெரிக்கா நாடு முழுக்க இந்த நோயைக் கணக்கெடுத்து வருகிறது. அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் தொகுத்த கணக்குப்படி, 2009 முதல் 2017 வரை 444 இடங்களில் கூட்டமாக நோய் பரவியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் 7,465 பேர். ஆண்டுக்குச் சராசரியாக 13 சதவிகிதம் ஏற்றம். நவீன பரிசோதனைகள் வந்ததால் முன்பு தெரியாமல் போன நோயும் இப்போது கணக்கில் ஏறுகிறது என்பதால், இந்த ஏற்றம் முழுவதையும் நோயின் பெருக்கமாக எடுத்துக்கொள்ள முடியாது.

மாடு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது, நோய் வந்த வழியை. முதலிடம் நீச்சல் குளம் போன்ற இடங்களுக்கு. அடுத்த இடம், சுமார் 15 சதவிகிதம், மாடு கன்றுகளுடனான தொடர்புக்கு! குழந்தைகள் காப்பகங்கள்கூட அதற்குப் பிறகுதான். நீச்சல் குளம் நம் கிராமங்களுக்குப் பொருந்தாது. கன்றுக் கொட்டில் பொருந்தும். கொல்கத்தா உட்பட 7 இடங்களில் நடந்து, 2013-ல் வெளியான பெரிய ஆய்வில், பச்சிளம் குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாக இந்த ஒட்டுண்ணி இருந்தது.

கழியும் கன்றை உடனே தனியாகக் கட்ட வேண்டும். அதைக் கடைசியாகக் கவனித்துவிட்டு, கையை சோப்பு போட்டுக் கழுவுவது அவசியம். சானிடைசர் இதற்கு வேலை செய்யாது. பிளீச்சிங் பவுடரை மட்டும் நம்பாமல், தரையைச் சுரண்டிக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்தால் கூடுகள் செத்துவிடும். குழந்தைகளுக்குக் கொதிக்க வைத்த தண்ணீரையும் காய்ச்சிய பாலையும் மட்டுமே கொடுக்க வேண்டும்.