நெசவுக் கூடமும் நிர்வாகியின் பொறுப்பும்

துணி குறைந்தால் நெசவாளியைக் குறை கூறுவதே பல நிர்வாகிகளுக்கு எளிதாகத் தோன்றுகின்றது. தறி ஏன் நின்றது என்று ஆராய்பவர் சிலரே. அவ்வாறு ஆராய்ந்ததனால் விளைந்த நன்மைக்கு, அகமதாபாத் காலிகோ ஆலையில் 1953-ஆம் ஆண்டு நடைபெற்ற சோதனை தக்க சான்றாகும். ஆலைக் கதை கைத்தறியாளருக்கு எதற்கு என்று அங்கத்தினர் வினவலாம். சற்றுப் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

அவ்வாலையில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டிருந்தன. ஆயினும் எதிர்பார்த்த அளவு துணி இறங்கவில்லை, பழுதோ மிகுந்திருந்தது. இலண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்னும் ஆலோசகர் கூடத்தின் வேலை முறையைக் கவனித்தார். வேலை பன்னிரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நெய்பவர் ஒருவர், தார் நிரப்புபவர் மற்றொருவர், கூட்டமாக அறுந்த பாவிழைகளை முடிபவர் வேறொருவர், தறியைச் செப்பனிடவும் எண்ணெய் இடவும் தனித்தனி ஆட்கள். ஒவ்வொருவர் பொறுப்பிலும் உள்ள தறிகளின் எண்ணிக்கையும் வெவ்வேறு. ஆகவே இழை முடிபவர் பல நெசவாளிகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தார். நூலோ ரகமோ மாறினால் அறுகை கூடும். போட்டு வைத்த கணக்கெல்லாம் குலையும். இச்சிக்கல் அனைத்தையும் மேற்பார்வையாளர் ஒருவரே அவிழ்க்க வேண்டியிருந்தது. எவ்வளவு திறமையுள்ளவராயினும் அது தனி மனிதரால் ஆகிற காரியமா?

குறிப்பிட்ட தறிகளைக் குறிப்பிட்ட சிறு குழுவிடம் ஒப்படைக்கலாம் என்னும் யோசனை தொழிலாளரிடம் சொல்லப்பட்டது. அவர்கள் அதனை விருப்புடன் ஏற்று, தம் கூட்டாளிகளைத் தாமே தேர்ந்துகொண்டனர். 64 தறிகளுக்கு ஏழு பேர் என்ற அளவில் குழுக்கள் அமைந்தன. ஒவ்வொன்றிற்கும் ஒரு தலைவர். மேற்பார்வையாளர் அத்தலைவரிடம் பேசினால் போதும். தறிகளின் திறன் நூற்றுக்கு 80-இலிருந்து 95 அளவிற்கு உயர்ந்தது. பழுது 32-இலிருந்து 20-ஆகக் குறைந்தது. இயந்திரத்தை எவரும் மாற்றவில்லை என்பதை நோக்குக.

1970-இல் எரிக் மில்லர் அங்கு சென்று மீண்டும் ஆராய்ந்தார். ஒரு கூடத்தில் அம்முறை ஏறக்குறைய அவ்வாறே நிலைத்திருந்தது; வேறொன்றிலோ மிகவும் தேய்ந்துவிட்டிருந்தது. சரக்கு, ஆள், சந்தை ஆகியவற்றில் வெளியிலிருந்து வரும் நெருக்கடியைக் குழு ஓரளவுதான் தாங்கும். அதனைத் தடுத்து நிற்க வேண்டியவர் நிர்வாகி. இன்று அவ்வாலை இல்லை. அந்தப் பாடம் உள்ளது.

கைத்தறி வீடு இயல்பாகவே ஒரு குழு. ஒருவர் நெய்வார், ஒருவர் தார் சுற்றுவார், ஒருவர் பாவு புணைப்பார். அவ்வீட்டினுள் நுழைந்து வேலை சொல்லித்தர நிர்வாகி தேவையில்லை. சங்கத்தின் நூல் உரிய நாளில் வந்ததா, சாயம் முன்னைய நிறத்தோடு ஒத்ததா, இப்பாவு முடியுமுன் அடுத்த பாவு ஆயத்தமா, கூலி தவணை தவறாமல் கிடைத்ததா என்பனவே அவர் பார்க்க வேண்டியவை. இவற்றில் ஒன்று தவறினாலும் தறி நிற்கும். கெஜக் கணக்கில் கூலி பெறுபவருக்குத் தறி நின்ற நாள் அடுப்பெரியாத நாள்.

சங்கங்களின் ஏட்டில் நெய்த கெஜம் எழுதப்படுகின்றது. அதன் பக்கத்தில் இன்னுமொரு பத்தி வரைந்து, ஒவ்வொரு தறியும் எத்தனை நாள் நின்றது, நூலின்மையாலா, மழையாலா, நோயாலா என்று நிர்வாகி குறித்து வருவாராக. முதல் மாதக் கணக்கு நிர்வாகக் குழுவின்முன் வரும்போது சில முகங்கள் சுருங்கக்கூடும். அதற்காக அப்பத்தியை அடித்துவிட வேண்டாம்.