வந்து வந்து போகும் மஞ்சள் விளக்கு

மழை பிடித்த மாலையில் பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்துகொண்டிருக்கும் பழைய பெட்ரோல் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. நாலைந்து நாளில் தானாக அணைகிறது. உரிமையாளர் நிம்மதியாகிறார். அடுத்த மாதம் மறுபடி எரிகிறது. விளக்கு அணைந்ததற்கும் பழுது நீங்கியதற்கும் சம்பந்தமில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இன்ஜினைக் கண்காணிக்கும் கணினியான இசியு, பெரும்பாலான பழுதுகளுக்கு உடனே விளக்கைப் போடாது. முதலில் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்தடுத்த ஓட்டங்களிலும் அதே பழுது தெரிந்தால்தான் விளக்கு. பிறகு தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அது தென்படாவிட்டால் விளக்கை அணைத்துவிடும். பழுதுக் குறியீடு மட்டும் நினைவகத்தில் தங்கும்; பொதுவாக இன்ஜின் 40 முறை குளிர்ந்து சூடேறிய பிறகே அழியும். குறியீட்டுடன், பழுது பதிவான கணத்தில் இருந்த வேகம், இன்ஜின் சுழற்சி, வெப்பம், சுமை ஆகியவையும் பதிவாகியிருக்கும். இதை 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்பார்கள். விட்டு விட்டு வரும் பழுதுக்கு இதைவிடப் பெரிய சாட்சியம் கிடையாது. பேட்டரி ஒயரைக் கழற்றி விளக்கை அணைக்கும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். பல கார்களில் அந்தச் சாட்சியம் அத்தோடு போய்விடும்.

இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் 2010 ஏப்ரலில் பெங்களூரு உள்ளிட்ட 13 நகரங்களுக்கு வந்தபோது இந்தத் தற்கண்காணிப்பும் கட்டாயமாகத் தொடங்கியது. 2013-இல் இன்னும் விரிவானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் குறியீடு வரும்.

வந்த குறியீட்டை அப்படியே நம்பி ஜே.சி. ரோட்டுக்குப் போய்ப் புது சென்சார் வாங்கிவிடக் கூடாது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று மட்டுமே பொருள். அதன் இக்னிஷன் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றுங்கள். குறியீடு பி0303 ஆனால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று தேட வேண்டும். மழை நாளில் மட்டும் வருகிறதா? காயில் ரப்பர் உறையில் விரிசல் இருக்கும், அல்லது பிளக் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கும். அடித்தளப் பார்க்கிங்கில் எலித் தொல்லை இருந்தால் ஒயர்களையும் பாருங்கள். மேலுறை நன்றாகவே இருந்து உள்ளே கம்பி அறுந்திருப்பதும் உண்டு. இன்ஜின் ஓடும்போது, சுழலும் பாகங்களிலிருந்து கையை விலக்கி வைத்து, கப்ளர்களையும் எர்த் ஒயரையும் ஒவ்வொன்றாக மெல்ல அசைத்தபடி ஸ்கேனர் திரையைக் கவனித்தால், எண் துள்ளும் இடமே பழுதின் இடம்.

இன்னொரு சந்தேகம் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது: எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 2023 பிப்ரவரியில் பெங்களூருவில்தான் அதன் விற்பனையைப் பிரதமர் தொடங்கிவைத்தார். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். அதனால் அதே காற்றுக்கு இசியு கொஞ்சம் கூடுதல் எரிபொருளைத் தெளிக்கிறது. இந்தத் திருத்தத்துக்கு 'ஃப்யூயல் ட்ரிம்' என்று பெயர். காற்றுக் குழாயில் ஏற்கெனவே சிறு கசிவு உள்ள பழைய காரில், இரண்டும் சேர்ந்து திருத்தத்தை எல்லை தாண்ட வைத்து, கலவையில் எரிபொருள் குறைவு என்னும் பி0171 குறியீட்டை வரவழைக்கலாம். ட்ரிம் எண்ணை ஐடிலிங்கிலும் 2,500 சுழற்சியிலும் பாருங்கள். ஐடிலிங்கில் அதிகமாக இருந்து வேகத்தில் குறைந்தால் காற்றுக் கசிவு. வேகத்தில் ஏறினால் ஃப்யூயல் பம்ப்பையோ ஃபில்டரையோ சந்தேகிக்கலாம். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு சற்றே உயர்ந்திருந்தால்தான் எத்தனாலைச் சொல்ல முடியும்.

விளக்கு சிமிட்டினால் இத்தனை ஆராய்ச்சிக்கு நேரமில்லை. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, ஓரமாக நிறுத்துங்கள்.

பழுது பார்த்த பிறகு ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தால் போதாது. ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்த அதே வெப்பம், வேகம், சுமை வரும்படி ஓட்டிவிட்டு, ஸ்கேனரில் புதிதாக ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.