மாத்திரையை விழுங்கிய நாய்

1919ஆம் ஆண்டில் எட்வர்ட் மெல்லன்பி என்ற ஆங்கில விஞ்ஞானி, நாய்க்குட்டிகளைச் சத்துக் குறைந்த ஆகாரத்தில் வளர்த்து, அவற்றுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் காண்பதையும், காட் மீனின் ஈரல் எண்ணெயைச் சேர்த்துக் கொடுத்தால் அந்நோய் அணுகாமல் நிற்பதையும் நிரூபித்தார். பின்னாளில் வைட்டமின் டி என்று பெயர் பெற்ற ஜீவசத்தை உலகம் அறிவதற்கு அந்தப் பரிசோதனை பெருந்துணை புரிந்தது. மனித குலத்துக்கு இத்தகைய உபகாரம் செய்த பிராணிக்கு, அதே சத்து இன்று நம் வீட்டு மேஜையிலிருந்து விஷமாகப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

வைட்டமின் மாத்திரைகள் எல்லாமே நாய்க்கு ஒரே அளவில் அபாயமானவை அல்ல. நீரில் கரையும் பி, சி வகைகளின் மிகுதி சிறுநீரோடு வெளியேறிவிடுவதால், பெரும்பாலும் வாந்தி, பேதியோடு உபாதை தீர்ந்துவிடும். அஞ்சத்தக்கவை வைட்டமின் டியும் இரும்புச் சத்துமே.

நம் மருந்துக் கடைகளில் வாரம் ஒன்றாகச் சாப்பிடக் கிடைக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையில் இருப்பது ஒன்றரை மில்லிகிராம் சத்துதான். ஆயினும் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் சேர்ந்தாலே நாய்க்கு உபாதை தோன்றலாம் என்பதால், 10 கிலோ நாய்க்கு அந்த ஒரு மாத்திரையே வரம்பைத் தாண்டிவிடுகிறது. ரத்தத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் அளவு மீறி ஏறி, சிறுநீரகத்திலும் ரத்தக் குழாய்களிலும் படிந்து, அவற்றைக் கெடுக்கின்றன. எலிகளைக் கொல்லும் மருந்துகளில் சிலவற்றில் வைட்டமின் டி சேர்க்கப்படுவதும் இக்காரணத்தால்தான்.

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழங்கப்படும் இரும்புச் சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு உண்டு. கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் வயிறு புண்ணாகும்; 60ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து; ஆகவே 5 கிலோ குட்டிக்கு இரண்டு மாத்திரைகள் நோயையும், ஆறு மாத்திரைகள் பேரபாயத்தையும் கொண்டுவரக்கூடும்.

இவ்விரண்டிலும் பொதுவாக உள்ள கொடுமை, இடையே தோன்றும் பொய்யான அமைதி. இரும்பை விழுங்கிய நாய் முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்து, சில சமயம் ரத்தமாகவும் கழிந்து, அதன்பின் தேறிவிட்டதுபோல் ஒரு நாள் வரை நடமாடி, பிறகு ஈரல் பழுதுபட்டுச் சரிந்து விழலாம். வைட்டமின் டியை விழுங்கியதோ அரை நாள், ஒரு நாள் வரை எந்தக் குறியும் காட்டாமலேயே இருந்துவிட்டு, அதன் பிறகே தாகமும் சோர்வும் கொள்ளும்.

மென்று தின்னும் இனிப்பு வைட்டமின்களில் சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று சேர்ந்திருக்குமாயின் கதை வேறு: அது நாயின் உடலில் இன்சுலினைப் பெருகச் செய்து, அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தி, வலிப்பில் கொண்டுபோய் விடக்கூடும்.

ஆதலால் நாய் மாத்திரையைத் தின்றது தெரிந்தவுடன், எஞ்சியவற்றை அப்புறப்படுத்தி, அட்டையையோ டப்பாவையோ கையில் எடுத்து, எத்தனை குறைகின்றன என்று எண்ணி, நாயின் எடையையும் தின்ற நேரத்தையும் சேர்த்துக் கால்நடை மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, தாமதிக்காமல் புறப்பட வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு தனியே ஏறி, வித்தியாசத்தைக் கணக்கிட்டால் எடை கிடைத்துவிடும். உப்பு நீரைப் புகட்டி வாந்தியெடுக்க வைப்பது கூடாது. அந்த உப்பே நஞ்சாகும். வாந்தி வரவழைக்கலாமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அதற்குத் தின்ற முதல் ஓரிரு மணி நேரமே மிகவும் ஏற்றது. கரித்தூளையும் நாமாகக் கொடுப்பதில் பலனில்லை. இரும்பை அது பற்றாது. இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஃபராக்சமின் என்ற மருந்தும், கால்சியத்தைத் தணிக்கும் சிகிச்சைகளும் மருத்துவமனையில் கிடைக்கின்றன.

உபாதை தெரிந்த பிறகு போகலாம் என்று காத்திருப்பவர், சிகிச்சை சுலபமாகப் பலிக்கக்கூடிய நேரத்தையே இழந்துவிடுகிறார். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று மனம் சமாதானம் சொல்லும் அந்த வேளையே, அதை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய வேளை.