பேய் மை தீட்டும் காடு: கல்லூரியில் முதல் ஆய்வுக் கட்டுரை

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர், திருத்தணி வட்டாரத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் தொடக்கத்தில் பெரும்பாலும் பகுதி 1 தமிழ் கூடவே வரும். வேதியியல் படித்துவிட்டு சிப்காட்டில் ஒரு கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலைக்குப் போக நினைக்கும் மாணவியும் தேவாரமும் சிறுகதையும் படித்தாக வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2022-ல் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்ற இரண்டு தாள்களை முதலாண்டில் சேர்த்த பிறகு, கவரைப்பேட்டைப் பக்கம் பொறியியல் படிப்பவர்களுக்கும் இந்த உலகம் கொஞ்சம் அறிமுகமாகிவிட்டது. தேர்வில் நெடுவினாவுக்கு விடை எழுத எல்லோருக்கும் தெரியும். ‘பத்துப் பக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி வாருங்கள்’ என்று பேராசிரியர் சொல்லும்போதுதான் கை நின்றுவிடுகிறது.

இதற்கு மாணவரின் சோம்பலைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளியில் நாம் பழகியது ‘இலக்கிய நயம் பாராட்டுக’ என்ற கேள்விக்கு. மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி என்று தலைப்பு போட்டு எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். செவியைப் பழக்க அது நல்ல பயிற்சிதான். ஆனால் அங்கே பாட்டு சிறந்தது என்ற முடிவு முன்பே கையில் இருக்கிறது; அதற்குக் காரணம் தேடுவதுதான் நம் வேலை. ஆய்வில் முடிவு கையில் இருக்கக் கூடாது. உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வி வேண்டும். விடைக்கான சான்று நூலுக்குள் இருக்க வேண்டும். படிப்பவர் அந்தச் சான்றைத் தானே எடுத்துப் பார்த்து, நீங்கள் சொன்னது சரியா என்று சோதிக்க வழி இருக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைக்கு இவ்வளவுதான் இலக்கணம்.

இதைப் பழகத் திருவள்ளூர் மாவட்ட மாணவர்களுக்கு வாசலிலேயே ஒரு நூல் இருக்கிறது. சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் உள்ள திருவாலங்காடு, காரைக்கால் அம்மையார் பாடிய ஊர். அவருடைய ‘திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள்’ இரண்டும் பதினோராம் திருமுறையில் உள்ளன. ஒவ்வொன்றிலும் 11 பாட்டு, ஆக 22 பாட்டு. ஒரு மாலையில் படித்துவிடலாம். முதல் கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான அளவு எனக்குத் தெரியவில்லை.

‘காரைக்கால் அம்மையார் பாடல்களில் பக்திச் சிறப்பு’ என்று தலைப்பு வைத்தால் கட்டுரை அங்கேயே படுத்துவிடும். பக்திப் பாடலில் பக்தி சிறப்பாக இருக்கிறது என்பதற்கு ஆய்வு எதற்கு? முதலில் உரையை மூடி வைத்துவிட்டு 22 பாட்டையும் இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். சொல் புரியாத இடத்தில் மட்டும் அகராதியைப் பாருங்கள். எந்த இடத்தில் ‘இது ஏன் இங்கே வருகிறது?’ என்று தோன்றுகிறதோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வி பெரும்பாலும் அந்தக் குறிப்புகளுக்குள்தான் இருக்கும்.

முதல் பதிகத்தில் அப்படி ஓர் இடம். சுடுகாட்டில் ஒரு பேய் கள்ளிக் கிளைகளின் கவட்டில் காலை நீட்டிக்கொண்டு, எரிந்து தீர்ந்த கொள்ளியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டுகிறது. தானே சிரிக்கிறது, மிரள்கிறது, துள்ளுகிறது. துள்ளியதில் பிணத்தீ சுட்டுவிட, கோபம் வந்து புழுதியை அள்ளிப் போட்டு அதை அணைக்கப் பார்க்கிறது. சில பாட்டு தள்ளி இன்னொரு பேய். நிணத்தை விழுங்கி, வெண்தலைகளை மாலையாகப் போட்டுக்கொண்ட அந்தப் பேய்க்கு ஒரு பிள்ளை. அதற்குக் காளி என்று பெயர் வைத்து, மேலே ஒட்டிய புழுதியைத் துடைத்து, பால் கொடுத்துவிட்டு எங்கோ போகிறது. தாய் திரும்பி வரக் காணாமல் பிள்ளை அழுது அழுது அப்படியே தூங்கிப்போகிறது. அதே பதிகத்தில் வேறொரு பாட்டில் துத்தம், விளரி, இளி என்று இசைச் சுரங்களின் பெயர்களும், கொக்கரை, தக்கை, வீணை, மத்தளம், குடமுழா, மொந்தை என்று ஒரு கச்சேரிக்கே போதுமான கருவிகளும் வரிசையாக வருகின்றன.

மை தீட்டுவதும், பெயர் வைப்பதும், புழுதி துடைப்பதும், பால் கொடுப்பதும் வீட்டில் நடப்பவை. வீட்டைவிட்டு எல்லோரும் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில் அவை ஏன் நடக்கின்றன? கேள்வி கிடைத்துவிட்டது. ‘மூத்த திருப்பதிகங்களில் பேய்கள் செய்யும் வீட்டுக் காரியங்கள்’ என்பது பத்துப் பக்கத்துக்குள் அடங்கும் பொருள். மூன்று பக்கத்துக்குத்தான் வரும் என்று மாணவர்கள் பயப்படுவார்கள். உண்மையில் அகலமான தலைப்புதான் மூன்றாம் பக்கத்தில் தீர்ந்துபோய், பிறகு புகழ்மொழியால் பக்கத்தை நிரப்பும். குறுகிய கேள்விக்குப் பாட்டுக்குள் இன்னும் இன்னும் போய்க்கொண்டே இருக்கலாம்.

அடுத்த வேலை நோட்டுப் புத்தகத்தில். ஒரு பக்கத்தில் கோடு போட்டு, இடப்புறம் பதிகமும் பாட்டு எண்ணும், வலப்புறம் அந்தப் பாட்டில் பேய் என்ன செய்கிறது என்பதும் எழுதுங்கள். 22 பாட்டுக்கும் எழுதுங்கள். உங்களுக்குச் சாதகமானவற்றுக்கு மட்டும் அல்ல. அந்தப் பட்டியலில் பிணம் தின்பதும் இருக்கும், நரியும் இருக்கும், வெறும் அச்சமும் இருக்கும். ‘அம்மையார் சுடுகாட்டை ஒரு வீடாகவே காண்கிறார்’ என்று நீங்கள் எழுத வந்தால், அழுதுகொண்டே தூங்கிய அந்தப் பிள்ளை குறுக்கே நிற்கும். தாய் திரும்பி வராத இடத்தை வீடு என்று சொல்ல முடியுமா? இந்தத் தடங்கலை மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் கருத்துக்கு எதிரான சான்றை நீங்களே எடுத்து வைத்து அதற்குப் பதில் சொல்லும் பக்கம்தான் கட்டுரையின் மிகச் சிறந்த பக்கமாக இருக்கும்.

ஒரு பொறியும் இருக்கிறது. அம்மையாரின் கதை நம் எல்லோருக்கும் தெரியும்: மாங்கனி, கணவன் பரமதத்தன், பேய் வடிவம் வேண்டிப் பெற்றது, தலையால் நடந்து கயிலை ஏறியது. பரமதத்தன் மறுமணம் செய்து, பிறந்த பெண்ணுக்கு அம்மையாரின் பெயரையே வைத்தான் என்றும் கதை. உடனே, ‘தாய்மை கிட்டாத ஏக்கத்தில்தான் பேய்ப் பிள்ளையைப் பாடினார்’ என்று எழுதத் தோன்றும். படிக்க உருக்கமாகவும் இருக்கும். ஆனால் இந்தக் கதை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்னது. அம்மையார் காலத்தைப் பொதுவாக 6-ஆம் நூற்றாண்டு என்று கொள்கிறார்கள். அவருடைய சொந்தப் பாடல்களில் மாங்கனியும் இல்லை, கணவனும் இல்லை. ‘காரைக்கால் பேய்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்வது உண்டு. அறுநூறு ஆண்டு கழித்து எழுதப்பட்ட வாழ்க்கை வரலாற்றைக் கொண்டு பாட்டுக்குப் பொருள் சொல்வது, சான்றின் வரிசையைத் தலைகீழாக்குவது. பெரியபுராணத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ‘சேக்கிழார் இப்படிக் காண்கிறார்’ என்று அவர் பெயரிலேயே சொல்லுங்கள். எந்தச் செய்தி எந்த நூலிலிருந்து, எந்தக் காலத்திலிருந்து வருகிறது என்று பிரித்து எழுதத் தெரிந்துவிட்டால் பாதி ஆய்வாளர் ஆகிவிட்டீர்கள்.

உங்கள் கருத்து நோட்டில் ஓரளவு உருவான பிறகுதான் மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். அம்மையாரைப் பற்றித் தமிழில் நிறைய உண்டு. எலேன் கிராடாக் 2010-லும் கேரன் பெச்சிலிஸ் 2012-லும் ஆங்கிலத்தில் தனித்தனி நூல்களே வெளியிட்டார்கள். முதலிலேயே இவற்றைப் படித்தால் அவர்கள் கண்ணால்தான் பாட்டைப் பார்ப்பீர்கள். உங்களுக்குத் தோன்றியதை வேறொருவர் முன்பே சொல்லியிருந்தால் மனம் தளர வேண்டாம். அவர் பெயரைச் சொல்லி, அவர் விட்ட இடத்திலிருந்து நகருங்கள்.

பெயர் சொல்வதில் நமக்கு நல்ல முன்னோடி உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, ஏட்டுச் சுவடி எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தது என்பதை முகவுரையில் நன்றியோடு பதிவு செய்தார். சுவடிகள் வேறுபடும் இடங்களைப் பாடபேதமாகக் காட்டினார். நாம் அடிக்குறிப்பில் நூலாசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்கம் என்று எழுதுவது அதே ஒழுக்கத்தின் தொடர்ச்சி. உங்கள் சொல்லை நம்பும்படி வாசகரைக் கேட்காமல், அவரே போய்ப் பார்க்கக் கதவைத் திறந்து வைக்கிறீர்கள்.

திருடி எழுதுவதற்குத் தண்டனையும் உண்டு. ஆய்வேடுகளுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒற்றுமை பொறுக்கப்படும். 60 சதவீதத்தைத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்தாகும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கேட்டு எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: எழுதப்படாத நூலுக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் அவை உண்டாக்கித் தந்துவிடும். கையில் எடுத்துப் புரட்டாத நூலைத் துணைநூற்பட்டியலில் போடாதீர்கள்.

நூலுக்கு எங்கே போவது? வாட்ஸ்அப்பில் வரும் பாட்டு வேண்டாம். பதிப்பு எது என்றே தெரியாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகளைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் மூல பாடங்கள் இலவசம். சொல் தேட அவை வசதி. மேற்கோள் காட்டும் முன் அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுவிடுங்கள். எழும்பூரில் கன்னிமாரா, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இரண்டும் ஒரு சனிக்கிழமைக்குத் தகும்.

திருவாலங்காட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். கும்மிடிப்பூண்டி லோக்கலில் சென்னைக்கு வந்து அரக்கோணம் வண்டிக்கு மாற வேண்டும், சுற்றுவழிதான். பாட்டு பிறந்த ஊரைப் பார்த்தவரின் எழுத்தில் ஒரு நிதானம் வருகிறது. பக்கத்திலுள்ள பழையனூரில் நீலி என்ற பேயின் கதையைப் பெரியவர்கள் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள். யார், எப்போது, எங்கே சொன்னார் என்பதையும் அவர்கள் சம்மதத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அது களத்தரவு, அம்மையார் கட்டுரைக்குள் திணிக்காமல் அடுத்த கட்டுரைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எழுதும்போது முன்னுரையையும் தலைப்பையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மை தீட்டும் பேயின் பாட்டிலிருந்தே நேராகத் தொடங்கி, அங்கே நடப்பதை உங்கள் சொல்லில் அரைப் பக்கம் எழுதுங்கள். கேள்வி தானாக அடுத்த பத்தியில் வந்து நிற்கும்.