ரெகுலேட்டர் மாற்றினால் வண்டி பறக்குமா?

ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் சொட்டுநீர் போட்ட தோப்புகளில், மோட்டாரை அடுத்து ஃபில்டரும் பிரஷர் கேஜும் ஒரு பைபாஸ் வால்வும் இருக்கும். மோட்டார் தள்ளும் தண்ணீர் அத்தனையும் குழாய்களுக்குத் தேவைப்படாது. மிச்சத்தை அந்த வால்வு வழியாகத் தொட்டிக்கே திருப்பிவிட்டு, கேஜின் முள் ஓரிடத்தில் நிற்கும்படி வைப்பார்கள். பெட்ரோல் காரில் ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டர் செய்வதும் இதே வேலைதான். டேங்கில் உள்ள பம்ப் எப்போதும் தேவைக்கு மேல் அனுப்பும். இன்ஜெக்டர்கள் செருகியிருக்கும் ரெயிலின் கடைசியில் ரெகுலேட்டர் உட்கார்ந்து, மிஞ்சியதை ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே அனுப்பிவிடும்.

அதன் தலையில் ஒரு சின்ன வேக்குவம் ஹோஸ் இருக்கும். அது இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகிறது. விஷயமே அதில்தான். இன்ஜெக்டரின் ஒரு பக்கம் பெட்ரோல் அழுத்தம், மறுபக்கம் மேனிஃபோல்டின் காற்றழுத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாறாமல் இருந்தால்தான், இன்ஜினின் கணினியான ஈசியு திறந்துவிடும் அந்தச் சில மில்லிசெகண்டில் சரியான அளவு பெட்ரோல் இறங்கும். அதனால் 3 பார் அமைப்பில், ஐடிலிங்கில் கேஜ் சுமார் 2.4 காட்டும், ஹோஸைக் கழற்றினால் 3-க்கு ஏறும். டர்போ வைத்த வண்டியில் 1 பார் பூஸ்ட் வந்தால் 4 காட்ட வேண்டும்.

அழுத்தத்தை ஏற்றினால் பவர் கூடும் என்று நம்பி, அழுத்தத்தை மாற்றி வைக்கக்கூடிய ரெகுலேட்டரைப் பலரும் வாங்குகிறார்கள். கூடாது. அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் பெட்ரோல் கூடும்: 3 பாரை 3.5 ஆக்கினால் சுமார் 8 சதவீதம். சாதாரண ஓட்டத்தில் அந்த எட்டையும் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியு திரும்பக் குறைத்துவிடும். அப்படிக் குறைக்காத நேரங்களில் மைலேஜ் குறைந்ததும் பிளக் கறுத்ததும்தான் மிச்சம் என்று ஆகிவிடலாம். டர்போ, பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப் போட்டு, அதற்கேற்ப ஈசியுவையும் டியூன் செய்கிற வண்டிக்குத்தான் இது தேவை. பெரிய பம்ப் அனுப்பும் பெட்ரோலைக் கம்பெனி ரெகுலேட்டரால் திருப்பி அனுப்ப முடியாமல் அழுத்தம் தானாக ஏறுவதும் உண்டு. அங்கே இதை மாற்றியே ஆக வேண்டும்.

வாங்குவதற்கு முன் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். 90-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் வந்த எம்பிஎஃப்ஐ கார்கள் பலவற்றில் ரிட்டர்ன் லைன் உண்டு. பிறகு வந்த பலவற்றில் ரெகுலேட்டர் டேங்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கிறது. அவற்றுக்குத் தனியாக ரிட்டர்ன் லைன் இழுக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு வேண்டியது கால் பார் அளவுதான். இன்ஜெக்ஷன் ரெகுலேட்டரை அதில் மாட்டினால் பெட்ரோல் வழிந்து ஓடும். போலோ டிஎஸ்ஐ போன்ற நேரடி இன்ஜெக்ஷன் வண்டியும், காமன் ரெயில் டீசலும் வேறு உலகம். அங்கே இந்த வேலையே கிடையாது.

மாட்டுவதில் முதல் வேலை அழுத்தத்தை இறக்குவது. பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, இன்னும் ஒருமுறை கிராங்க் செய்யுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்துவிட்ட பிறகே ஜாயின்டில் கை வையுங்கள். அப்போதும் கொஞ்சம் பெட்ரோல் வரும். கீழே துணி இருக்கட்டும். பக்கத்தில் வெல்டிங் நடக்கும் பட்டறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். டிரை பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ரெகுலேட்டர் ரெயிலுக்குப் பிறகு, எக்ஸாஸ்ட் சூட்டிலிருந்து விலகி, ஆடாத இடத்தில் நிற்கட்டும். ஹோஸில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி வெடிப்பு விடும். எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ், அல்லது எத்தனால் தாங்கும் பிடிஎஃப்இ ஹோஸ்தான் சரி. கூம்பு வாய் வைத்த ஏஎன் ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. அது உலோகத்தோடு உலோகம் ஒட்டி அடைபடுவது. டேப்பின் துணுக்கு ஒன்று பிய்ந்துபோனால் இன்ஜெக்டரில் போய் மாட்டும்.

செட் செய்வது எளிது, அவசரம்தான் ஆகாது. முதலில் ஃப்யூஸையும் பேட்டரி நெகட்டிவையும் திரும்ப மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை ஆன் செய்து, பம்ப் ஓடும்போது ஒவ்வொரு ஜாயின்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவு இல்லையென்றால் ஸ்டார்ட் செய்து, வேக்குவம் ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, லாக் நட்டைத் தளர்த்துங்கள். ஆலன் கீயால் கால் சுற்று வலமாகத் திருப்பினால் முள் ஏறும். 3 பாரில் நிறுத்தி லாக் நட்டை இறுக்கும்போது முள் லேசாக நகரும், மறுபடி பார்க்க வேண்டும். ஹோஸைத் திரும்ப மாட்டியதும் முள் இறங்க வேண்டும். அந்த ஹோஸுக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

பெட்ரோல் ஓடும் கேஜ் பைப்பைக் கேபினுக்குள் கொண்டுவராதீர்கள். உள்ளே கேஜ் வேண்டுமென்றால் எலக்ட்ரிக் சென்சார் வையுங்கள்.

முழு லோடில் முள் பூஸ்டோடு ஏறாமல் சரிந்தால் பம்ப் போதவில்லை. அப்படியே ஓட்டினால் மிக்ஸ்சர் லீன் ஆகிப் பிஸ்டன் உருகும். இந்தச் சோதனைக்குப் புதுக்கோட்டை ரோடு இடமல்ல. டைனோ உள்ள ஒர்க்‌ஷாப், இல்லையென்றால் கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே போலவோ சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை போலவோ உள்ள ஓடுகளம்தான் சரி. மிக்ஸ்சரைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டரைப் பார்த்துச் சொல்ல ஒருவர் கூட இருக்கட்டும். செய்த மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள்.

மாட்டி ஒரு வாரம் கழித்து, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, எல்லா கிளிப்பையும் ஃபிட்டிங்கையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். எப்போது பெட்ரோல் வாடை வந்தாலும் ஸ்டார்ட் செய்யாமல், ஓடிக்கொண்டிருந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டு, முதலில் பானெட்டைத் திறவுங்கள்.