மேசையருகே பெற்றாரின் இடம்

ஐக்கிய அமெரிக்காவிலே, குறைபாடுடைய பிள்ளையொன்றின் பெற்றாரைப் பாடசாலை கூட்டத்துக்கு அழைக்கின்றது. வகுப்பாசிரியரும், விசேட கல்வி ஆசிரியரும், பரிசோதனை முடிவுகளை விளக்கவல்ல ஒருவரும், பாடசாலையின் பிரதிநிதியும் மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பர். முன்னே பக்கம் பக்கமாய் ஒரு பத்திரம். யாவும் கற்றவர் எழுதியது என்றெண்ணித் தலையசைத்துக் கையொப்பமிட்டு வீடு திரும்பும் பெற்றார் பலர். அங்கு சென்று குடியேறிய நம்மவரும் அவருள் அடங்குவர்.

அப்பத்திரமே ‘தனியாள் கல்வித் திட்டம்’. 1975ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டமொன்று அதனைப் பிள்ளையின் உரிமையாக்கிற்று. பெற்றார் அக்கூட்டத்தில் விருந்தினர் அல்லர்; திட்டம் வகுக்கும் குழுவின் உறுப்பினர். ஆங்கிலம் விளங்காதவராயின் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்து கொடுப்பது பாடசாலையின் கடன். விசேட கல்வி முதன்முதல் தொடங்குமுன் பெற்றாரின் எழுத்துமூலச் சம்மதம் இன்றியமையாதது. ஆண்டுக்கொரு முறையேனும் திட்டத்தை மீளாராய்தலும் வேண்டும்.

உரிமை இருக்கட்டும், பத்திரத்தில் எதனைப் பார்ப்பது? நாம் முதலில் பார்க்கச் சொல்வது இலக்கையே. ‘பிள்ளை வாசிப்பில் முன்னேறுவான்’ என்று எழுதியிருந்தால் அது நல்வாழ்த்தேயன்றி இலக்கு ஆகாது. ‘இப்பொழுது நிமிடத்துக்கு 20 சொற்களைப் பிழையின்றி வாசிப்பவன், ஆண்டிறுதியில் 45 சொற்கள் வாசிப்பான்’ என்றிருப்பின், ஆசிரியரும் அளக்கலாம், அடுப்படியில் நின்று கேட்கும் தாயும் அளக்கலாம். அளக்கக்கூடிய இலக்கையே சட்டமும் கேட்கின்றது. அதனை அடைய என்ன உதவி, வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம், எவ்விடத்தில் என்பனவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பியிருத்தல் தகாது. இன்று வாக்களித்த ஆசிரியர் நாளை வேறு பாடசாலைக்கு மாற்றலாகிச் சென்றுவிடலாம் அன்றோ?

கொலராடோ மாநிலத்தில் ஓட்டிசம் உடைய சிறுவன் ஒருவன் இருந்தான். ஈ பறந்தாலும், தரையில் ஏதேனும் சிந்தினாலும் அஞ்சி நடுங்குவான். ஆண்டுதோறும் அவனுக்குத் திட்டம் எழுதப்பட்டது; ஆயினும் முன்னாண்டின் இலக்குகளே பெரும்பாலும் திரும்பத் திரும்ப வந்தன. இதனைக் கண்டுகொண்ட பெற்றார் 2010இல் அவனைத் தனியார் பாடசாலையொன்றிற் சேர்த்தனர். அங்கு அவன் தேறினான். செலவைத் தருமாறு அவர்கள் தொடுத்த வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. பெயரளவில் ஏதோ சிறிது முன்னேற்றம் காட்டினாற் போதும் என்று கீழ் நீதிமன்றம் கொண்டிருந்த கருத்தை, 2017 மார்ச்சில் நீதியரசர்கள் ஒருமனதாய்த் தள்ளினர். பிள்ளையின் நிலைக்கேற்ற உண்மையான முன்னேற்றத்தைத் திட்டம் நாடவேண்டும் என்றனர். மறு ஆண்டு, செலவும் பெற்றார்க்குரியதெனத் தீர்ப்பாயிற்று.

அப்பெற்றார் கண்டதைக் காணச் சட்ட நூல் எதுவும் வேண்டியதில்லை. சென்ற ஆண்டுத் திட்டத்தையும் இவ்வாண்டுத் திட்டத்தையும் அருகருகே வைத்து, இலக்குகளை வரிக்கு வரி ஒப்பிட்டால் அதுவே போதும். ஆதலின் கூட்டத்துக்குச் செல்லும்போது பழைய பிரதியை மறவாது கொண்டு செல்லுக.